கப்டன் பெல்வுட்டின் பிணையாள்

செப்டெம்பர் 9, செவ்வாய்

கப்டன் பெல்வுட் இன்றைக்கு ஆறாவது கப்பலைப் பிடித்துவிட்டார். ஆண்டு 1758. அரசரின் அனுமதிப் பத்திரம் கையில் இருந்தால் எதிரி நாட்டுக் கப்பலைக் கொள்ளையடிக்கலாம். பத்திரம் இல்லாதவன் செய்தால் தூக்கு. நூதனசாலைக் கண்காட்சிக்காக அவருடைய குறிப்பேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்வது என் வேலை. வீரச் செயல் ஒன்றும் விடுபடக் கூடாது என்கிறார் மேலாளர்.

செப்டெம்பர் 12, வெள்ளி

பிடித்த கப்பலை ஓட்டி வர ஆள் போதாவிட்டால், மீட்புப் பணம் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்களாம். பிணையாக ஒருவனை மட்டும் பிடித்து வைப்பார்கள். ஏழாவது கப்பலில் அதன் தலைவனுடைய தம்பி எத்தியேன், தானாகவே முன்வந்தானாம். வயது இருபத்துமூன்று.

அதற்குமேல் தட்டச்சு செய்ய முடியவில்லை. கழிவறைக்குள் போய் நின்றேன்.

வன்னியில் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு இயக்கம் வந்தபோது என் அண்ணை கிருசாந்தனும் எனக்காக அப்படித்தான் முன்வந்தார். "பிறின்சியை விடுங்கோ, நான் வாறன்." பதினேழு வருடம். அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் லண்டனில் சம்பளம் வாங்குகிறேன்.

செப்டெம்பர் 15, திங்கள்

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லித் தொலைத்தேன். இன்று வட லண்டன் எட்மண்டனில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே கேள்வி: "அந்தப் பிரெஞ்சுப் பெடியனை விட்டிட்டாங்களோ?"

இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்றேன்.

"விடுவாங்கள். காசு வந்தா விடத்தானே வேணும்."

அண்ணைக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்ன மாமாவோடு அம்மா ஏழு வருடமாகப் பேச்சில்லை. அதே பிடிவாதம் இப்போது எத்தியேனுக்கும்.

செப்டெம்பர் 24, புதன்

எத்தியேன் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒக்டோபர் 3, வெள்ளி

பதின்மூன்றாவது கப்பல். எழுநூறு பெட்டி சீனி. ஊரார் கூடிக் கப்டனுக்கு வெள்ளி வாள் பரிசளித்தார்களாம். நல்லா இருக்கட்டும். பிணையாள் என்ன ஆனான் என்று எழுத அவருக்கு மை கிடைக்கவில்லை.

அம்மா இன்றும் கேட்டார்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கிடைத்துவிட்டான். குறிப்பேட்டோடு சேர்த்துக் கட்டியிருந்த சிறைப் பட்டியலில்.

அண்ணன்காரன் கப்பலோடு பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறான். பணம் வரவில்லை. 'முயற்சி செய்கிறோம்' என்று ஒரே ஒரு கடிதம். எத்தியேன் மூன்றாவது குளிர்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனான். பெயரின் மேல் ஒரு கோடு, அவ்வளவுதான்.

என்ன மனிதன் அந்த அண்ணன்? தம்பியை வைத்துவிட்டு எப்படிச் சாப்பிட்டான், எப்படி நித்திரை கொண்டான்? — ஆரைப் பேசுறன் நான்? நானென்ன கிழிச்சனான்? ரெண்டு கடுதாசி, நாலு போன். பிறகு வேலை, வீடு, பிள்ளையள் எண்டு இருந்திட்டன்.

அம்மா கேட்டபோது, "விட்டிட்டாங்கள் அம்மா. வீட்ட போய்ச் சேர்ந்திட்டான்" என்றேன். அம்மா சோற்றைப் போட்டுத் தந்தார்.

ஒக்டோபர் 16, வியாழன்

பிணையாள் கதைக்குக் கண்காட்சியில் இடமில்லையாம். வெள்ளி வாளுக்கு இருக்கிறது.

ஒக்டோபர் 22, புதன்

அம்மா அதன் பிறகு எத்தியேனைப் பற்றிக் கேட்கவே இல்லை. நம்பிவிட்டார் போல. அண்ணையும் வருவார் என்று இனி இன்னும் உறுதியாக இருப்பார். நான் செய்த வேலை.

நவம்பர் 2, ஞாயிறு

இறந்த விசுவாசிகள் தினம். செத்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி மாதா கோவில் பெட்டியில் போட்டால் மாதம் முழுவதும் அவர்களுக்காகப் பூசை நடக்கும். வழமையாக நான்தான் எழுதுவேன், அப்பாவின் பெயர் மட்டும். இன்று அம்மா தானே எழுதி மடித்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்தேன்.

செபஸ்தியாம்பிள்ளை. அதற்குக் கீழே எத்தியேன்.

நிமிர்ந்தேன். "உனக்குப் பொய் சொல்லத் தெரியாது, பிள்ளை" என்றார் அம்மா.

மூன்றாவதாகவும் ஒரு பெயர் இருந்தது. பேனையை அழுத்தியதில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. கிருசாந்தன்.

பெட்டிக்குள் போட எனக்குக் கை வரவில்லை. அம்மாவே வாங்கிப் போட்டார்.