இரண்டு கம்ப்யூட்டருக்கு மட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். எம்பிராய்டரி மிஷினும் சுகமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு கேட்பாய். அப்புறம் நீ அழுவாய், அதைக் கேட்டு நான் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. சந்தோஷமான விஷயம்தான், உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர் நல்லபடியாக வந்து சேர்ந்தது. சத்தமே இல்லை. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அடிக்கடி கை வைத்துப் பார்க்கிறேன். நம் கடையில் இருக்கிற அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் மாவு மிஷின் மாதிரி கத்தும், அதுவே எனக்குப் பழகிப்போச்சு. அதுவும் போன மாதத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

அப்பா டிசைன் போட்டுக்கொண்டிருந்த சாப்ட்வேரைப் புதுசில் ஏற்ற வேண்டும் இல்லையா, நீ சொன்னபடி கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினாள். இப்போதெல்லாம் விற்பதில்லையாம், மாதச் சந்தா மட்டும்தானாம். பதினாலு வருஷத்துக்கு முன்னாடியே முழுசா வாங்கியாச்சேம்மா என்றேன். அது பழசு மேடம் என்றாள். நானும் பழசுதான், அதுக்காக என்னை மாச வாடகைக்கா விடுவாங்க என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, டிஸ்க்கும் அதோடு கொடுத்த நம்பரும் இருந்தால் பழசே புதுக் கம்ப்யூட்டரிலும் ஓடும் மேடம், ஆனால் நாங்கள் வந்து உதவ மாட்டோம் என்றாள்.

நீ சந்தாவை நான் கட்டுகிறேன் என்றாய். உன் நல்ல மனசு. ஆனால் அதற்குள்ளே அப்பா போட்ட டிசைன் ஆயிரத்துக்கு மேலே இருக்கிறது. ஒரு மாதம் கட்ட மறந்தால் கதவைச் சாத்திவிடுவார்களாம். என் வீட்டுக்குள்ளே போக நான் மாதாமாதம் டிக்கெட் எடுக்கணுமா?

அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் பொறுமை பொறுமை என்பார், அதனால் ஊரே அவரைப் பொறுமை என்றுதான் கூப்பிடுகிறது. அவருக்கு மட்டும் அது கிடையாது. ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தால் அதன் பரம்பரையையே திட்டுகிறார். வந்ததும் வராததுமாக, எதுக்கு அக்கா இந்த வம்பு, திருட்டுக் காப்பி ஒண்ணு போட்டுத் தர்றேன் என்றார். காசு கொடுத்து வாங்கின பொருளை நான் எதுக்குய்யா திருடணும் என்று ஒரு சத்தம் போட்டேன். அப்புறம் ஒழுங்காக உட்கார்ந்தார்.

டிஸ்க், நூல் கண்டு டப்பாவுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. நம்பர் அட்டையும் கூடவே இருந்தது, ஆனால் மை எல்லாம் பறந்து வெள்ளையாக இருந்தது. அப்புறம்தான் யோசித்தேன், உன் அப்பா என்றைக்குக் காகிதத்தை நம்பியிருக்கிறார்? டாக்டர் போன் நம்பரைக்கூடத் துணியில் தைத்துச் சுவரில் மாட்டின மனுஷன். உன் ஸ்கூல் பைக்குள்ளே விலாசத்தை இரண்டு கலர் நூலில் போட்டுக் கொடுத்ததற்கு நீ வெட்கப்பட்டு அழுதாயே. இந்த நம்பரையும் எங்கேயாவது தைத்துத்தான் வைத்திருப்பார் என்று மூன்று நாள் அலமாரி, பெட்டி, தலையணை உறை எல்லாம் கொட்டிக் கவிழ்த்தேன்.

எங்கே இருந்தது தெரியுமா? என் கையிலேயே. அவர் போனதிலிருந்து எட்டு மாதமாக மிஷின் எண்ணெயைத் துடைக்கிறேனே அந்தத் துணியில். ஏதோ எழுத்து சரியாக விழுகிறதா என்று தைத்துப் பார்த்த சாம்பிள் என்று நினைத்துக் கந்தலில் போட்டிருக்கிறேன். அவர் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் என்னை ஓட்டியிருப்பார். இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசினேன். முன்பக்கம் தேய்ந்து பிசிறாகிவிட்டது. பின்பக்கம் நூல் நன்றாக இருந்தது, ஆனால் எல்லாம் திருப்பித் தெரிந்தது. பொறுமை துணியை விரித்துப் பிடிக்க, நான் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அதில் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்த நேரம் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாள், மாந்திரீகம் என்று நினைத்திருப்பாள்.

புதுக் கம்ப்யூட்டர் நம்பரை வாங்கிக்கொண்டது. ஆனால் ஏறவில்லை. இரண்டு கம்ப்யூட்டருக்கு மட்டும்தானாம், இரண்டு இடமும் நிரம்பிவிட்டதாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம்மிடம் இருந்ததே ஒன்றுதானே? பொறுமை, எந்த இரண்டு என்று திரையில் இருக்கு அக்கா, அவர் வைத்த பெயர் இது என்று வாசித்தார். முதலில் கடை. அடுத்தது வாலு.

வாலுன்னா யாரு அக்கா என்று கேட்டார். உன்னை அப்படிக் கூப்பிட இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பக்கத்தில் தேதியும் இருந்தது. நீ ஊரை விட்டுக் கிளம்பினதற்கு முந்தின நாள். நினைவு இருக்கிறதா, அன்றைக்குச் சாயங்காலம் உன் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, தூசி தட்டித் தருகிறேன் என்று கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வைத்திருந்தார். மறுநாள் ஸ்டேஷனுக்கு வரவில்லை, அவசர வேலை என்றார். காரியத்துக்கு வந்தபோது நீ என் தோளில் சாய்ந்து, கடையைப் பார்த்துக்காமப் போயிட்டேன்னு அப்பா கடைசிவரை என்மேலே கோபமாவே இருந்தாரும்மா என்று அழுதாய். உன் லேப்டாப்பில் இதை ஏற்றினதை அவர் என்னிடமும் சொல்லவில்லை பார், அழுத்தக்கார மனுஷன்.

பொறுமை, விஷயம் சுலபம்தான் என்றார். உன் பழைய லேப்டாப் உன் வீட்டு அலமாரி மேலே சும்மாதானே கிடக்கிறது, போன் செய்து அதில் எடுத்துவிடச் சொன்னால் உடனே எனக்கு இடம் வந்துவிடுமாம். அதை மட்டும் தொடாதீங்க என்றேன். அப்படியானால் கடைக் கம்ப்யூட்டரில்தான் எடுக்க வேண்டும், அது எழுந்தால்தானே, அதுதான் செத்துப்போச்சே அக்கா என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார், பாவம்.

இரண்டு நாள் அதைப் பிரித்துப் பூட்டிப் போராடினார். நடக்கவில்லை. மூன்றாம் நாள் நான் அவரை ஓரமாக நகரச் சொன்னேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுதான். ஆனால் பதினாலு வருஷம் மிஷினில் நூல் கோத்துக்கொண்டே அவர் அதை எழுப்புகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறேனே. எம்பிராய்டரி மிஷினை முதலில் அணைப்பார். கம்ப்யூட்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியில் துண்டை மடித்து வைப்பார். பட்டனை அமுக்கினதும் அது இருமிவிட்டு நிற்கும், விட்டுவிடுவார். மறுபடி அமுக்குவார், இருமும். மூன்றாவது தடவை ஒரு தட்டு தட்டி அமுக்குவார். அப்படியே செய்தேன். முதல் இருமல். இரண்டாவது இருமல். முதுகில் ஒன்று வைத்தேன், மாவு மிஷின் கத்திக்கொண்டு எழுந்தது! பொறுமை எழுந்து நின்று கும்பிட்டார்.

டிசைனை எல்லாம் பொறுமை முதலில் புதுசுக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் சாப்ட்வேரைக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கட்டுமா என்று அது ஒரு தடவை கேட்டது. அப்பாவுடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆமாம் என்பதை அமுக்கினேன். அடுத்த நிமிஷம் புதுக் கம்ப்யூட்டரில் அவர் போட்டதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. பந்து விளையாடுகிற பையன்களுக்குப் போட்ட சேவல், நர்ஸுகளுக்குப் போட்ட பெயர், உன் பிறந்தநாள் சட்டைக்கு முதன்முதலாகப் போட்ட யானை. அந்த யானையையே முதலில் தைத்தேன். தும்பிக்கை கொஞ்சம் கோணல்தான், பதினாலு வருஷமாக இருக்கிற கோணல். பொறுமைக்கு அதையே கைக்குட்டையில் போட்டுக் கொடுத்தேன், சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போனார்.

இப்போது திரையில் மறுபடி இரண்டு பெயர் இருக்கிறது. புதுசுக்கு என்ன பெயர் வைக்க என்று பொறுமை கேட்டார். கடை என்றே போடச் சொன்னேன். அதற்குக் கீழே நீ.

மொத்தமே இரண்டு இடம்தான் அவருக்குக் கொடுத்தார்கள். அதில் ஒன்றை உனக்கு வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். கோபக்காரன் இதைச் செய்வானா, நீயே சொல்.

அலமாரி மேலே இருக்கிற அந்த லேப்டாப்பைக் கீழே இறக்கு, கண்ணு. தூசி தட்டு. திறந்து பார். வேலை, வீடு எல்லாம் உனக்கு இருக்கிறது, அவசரமே இல்லை. என்றைக்காவது உட்கார்ந்து ஏதாவது ஒன்று வரைந்து அனுப்பு, பூனையோ பூவோ கோணலாக இருந்தாலும் சரி. நூல் கோத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா

பி.கு. அந்த எண்ணெய்த் துணியைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். பின்பக்கம் தெரிகிற மாதிரிதான்.