காலண்டரைக் கழற்றிய அப்பாவுக்கு

அப்பா,

மளிகைக் கடையில் இந்த வருஷத்துத் தினசரி காலண்டர் கொடுத்தார்கள். பிரித்ததும் புதுப் பசையின் வாசனை. செம்மண்டலம் வீட்டில் நீங்கள் அடித்த ஆணி அப்படியே இருக்கிறது. மாட்டத்தான் மனம் வரவில்லை.

இரண்டாம் வகுப்பிலேயே எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையைச் சொல்லிவிடுவேன். உங்களுக்குப் பெருமையில் தலைகால் புரியாது. வந்தவர்களுக்குக் காபி வருவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டு நிறுத்துவீர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் மைக்கையே கொடுத்தீர்கள். அன்று தப்பாகச் சொல்லிவிட்டேன். சிரித்தவர்களை நான் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு பேச்சு குறைந்தது. புருவ முடியைப் பிடுங்க ஆரம்பித்தேன். கண் பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள், இல்லாத புருவத்துக்கு மை தீட்டிப் பள்ளிக்கு அனுப்பினாள். நீங்கள் என்னைச் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனீர்கள். அங்கே குழந்தைகள் மனநலம் பார்க்கும் டாக்டரம்மா என்னோடு தாயம் ஆடினார். தோற்றாலும் ஒன்றும் ஆகிவிடாது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். உங்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"அவளுக்கு எதக் கேட்டாலும் பரீட்சையா இருக்கு. கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் கேக்காதீங்க."

"சாப்டியான்னு கூடவா?"

"அதையுந்தான்."

அன்று சாயங்காலமே காலண்டரைக் கழற்றிவிட்டீர்கள். ராகுகாலம் பார்க்காமல் வாசல் தாண்டாத மனுஷன், அதைப் பார்க்கத் தினமும் தெருமுனை டீக்கடைக்குப் போனீர்கள். 'பசிக்குதா' போய் 'இட்லி இருக்கு' வந்தது. பிச்சாவரத்தில் படகில் போகும்போது, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நானாகவே கையை விட்டுப் பார்த்தேன்.

புருவம் வளர்ந்துவிட்டது. இனி கேட்கலாம் என்று டாக்டரம்மா எப்போதோ சொல்லிவிட்டார். நீங்கள்தான் கேட்கவே இல்லை. எனக்கு வரன் பார்த்தபோதுகூட, பையன் போட்டோ மேஜைமேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டீர்கள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், நினைவு வருவதும் போவதுமாக இருந்த ஒரு மத்தியானம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கி என்னாம்மா கெழம?" என்றீர்கள்.

"வியாழக்கிழமப்பா."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். உடனே பதறித் திறந்தீர்கள்.

"கேட்டுட்டனே."

கேளுங்கள், இன்னும் கேளுங்கள் என்று கெஞ்சினேன். அதற்குப் பிறகு நீங்கள் எதுவுமே கேட்கவில்லை.

நீங்கள் போன தேதி அடுத்த வருஷம் என்ன கிழமை, அதற்கடுத்த வருஷம் என்ன கிழமை என்று மனம் தானாகவே சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு உங்கள் வயதாகிற வருஷம்வரை போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, அப்பா.