மூன்றாவது கேசட்டுக்கு நான் போட்ட மார்க்

ஸ்டெல்லா அக்கா,

கல்லறைத் தோட்டத்தில் உங்கள் கல்லறை முன் நின்றபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற வாத்தியார்கள் நாம் இருவரும் இசை கேட்பதையும் பரீட்சையாக்கி வைத்திருந்தோம். பத்திரிகை சிபாரிசு செய்த பியானோ சிடிக்களைக் கேசட்டில் பதிந்து, வாசித்தவர் பெயரை மறைத்து, பொதுத்தேர்வுத் தாள் போல எண் மட்டும் எழுதி வைப்பீர்கள். புதன்கிழமை மாலை உங்கள் வீட்டுக்காரர் ஜெயராஜ் சார் கேசட்டைப் போடுவார். நான் மார்க் போடுவேன்.

சொனாட்டா என்ற அந்த நீண்ட பியானோ இசைக்கு மூன்று கேசட்; ஒரே இசை, வாசித்தவர்கள் மூன்று பேர். முதல் ஆள், வண்டிகள் விரையும் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பவர் போல ஒரே ஓட்டம். இரண்டாமவர் நின்று, பார்த்து, நிதானமாக நடந்தார். மூன்றாவதில் முதல் பகுதி முடிந்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்தே வந்தது. நடுவே, உங்கள் வீட்டில் எப்போதும் கேட்கும் மின்சார ரயிலின் ஹாரன்.

எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. உங்கள் பியானோ, உங்கள் விரல்கள். தடுமாறித் திரும்பத் தொடங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். தெரிந்தவர் என்பதற்காக மார்க்கைக் கூட்டாதவன் என்ற பெருமை வேறு எனக்கு.

“முப்பத்திரண்டு. ஃபெயில்,” என்றேன்.

சார் சிரித்தார். “யாருன்னே தெரியாம இப்படியா போடுவே டேனியல்? பாவம்பா அந்த ஆளு!”

“யாரா இருந்தா என்ன சார்? பேப்பர்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்.”

“தம்பி சரியாத்தான் போட்டிருக்கான்,” என்று டீ போட எழுந்துபோனீர்கள்.

கை வலி என்று அதன்பின் பியானோவை மூடிவிட்டீர்கள். நான் தைலம் வாங்கி வந்தேன். தைலம்!

இப்போது உங்கள் மகன் சாரை மேடவாக்கம் அபார்ட்மென்ட்டுக்குக் கூப்பிடுகிறான். பியானோ லிஃப்டில் ஏறாது என்று சார் மறுக்கிறார். போன வாரம் உங்கள் இசைக்குறிப்புப் புத்தகத்தை என்னிடம் தந்தார். முதல் பகுதியின் முடிவில் இரட்டைக் கோடு, இரண்டு புள்ளி: திரும்ப வாசிக்க வேண்டுமாம். இசையை எழுதியவரே கேட்டது. சிபாரிசு பெற்ற இருவரும் அதை விட்டிருந்தார்கள். கேள்வித்தாளைப் படிக்காமலே விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து சார் சொன்னார்: “அது அவதான்னு உனக்கு எப்படிப்பா தெரிஞ்சிருக்கும்? மனசைப் போட்டு அலட்டிக்காதே.”

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரிந்திருந்ததா அக்கா?

நாளை சார் வீட்டுக்குப் போவேன். அது நீங்கள்தான் என்று தெரிந்தேதான் மார்க் போட்டேன் என்று வாசலிலேயே சொல்வேன். அதன்பிறகுதான் உட்காருவேன், உட்காரச் சொன்னால்.

உங்களிடம் நேரில் சொல்லத் துணியாத தம்பி,
டேனியல்
கிழக்குத் தாம்பரம்