கல்லுக்குள் இருப்பது மட்டி இல்லை

1974 ஒக்டோபர் 2
தம்பி சரீப் புத்தளம் பக்கம் கிணறு வெட்டிய இடத்திலிருந்து கொண்டுவந்து தந்த களிக்கல்லை, அடுத்த மாதப் பாடசாலைக் கண்காட்சியில் வைக்கலாம் என்று எடுத்துப் போனேன். ஏடு ஏடாகப் பிரியும் கல். பிரித்த இடமெல்லாம் மிளகளவில் ஓட்டு அச்சுகள். அதிபர் ஸஹாப்தீன் எட்டிப் பார்த்தார்.
"மட்டிதானே, நஜ்முன் டீச்சர். கடல் மட்டி எண்டு எழுதி வைங்க."
மட்டி இல்லை, மழைக்குளத்தில் வாழ்ந்த ஓட்டிறால் என்றேன். சிரித்தார். இரண்டு ஓட்டைச் சேர்த்துக் கண்டால் எங்கள் கிண்ணியா ஆட்களுக்குச் சோற்றுக்கு ஊற்றும் ஆணம்தான் ஞாபகம் வரும்.

ஒக்டோபர் 3
மட்டி என்று எழுதாவிட்டால் கல் கண்காட்சி மேசைக்கு வராதாம். எழுத மாட்டேன்.

ஒக்டோபர் 9
வீட்டிலும் இதே கதை. "எழுதிட்டுப் போயேன். கல்லுக்கு என்ன தெரியும்?" என்கிறார் கணவர் அபூதாஹிர். கல்லுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

ஒக்டோபர் 12
வாயால் சொல்லிப் பயனில்லை. இந்த இனம் இன்றும் உண்டு. முட்டைகள் காய்ந்த சேற்றில் கிடந்து மழைக்குப் பொரிக்கும் என்று பயிற்சிக் கலாசாலையில் படித்தேன். குறிஞ்சாக்கேணி வயலோரப் பள்ளம் இப்போது வெடித்துக் கிடக்கிறது. அந்தச் சேற்றில் ஒரு கடகம் அள்ளிவந்து, பாதியை அலுமினியப் பேசினில் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டு றம்லா வேலிக்கு மேலால் கேட்டா: "என்ன டீச்சர், சேத்தையா ஆக்கப் போறீங்க?"

ஒக்டோபர் 20
ஒன்றுமில்லை. நாற்றம்தான். எங்கள் கிணறு உவர் என்பது இன்றுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து குடித்த நாக்குக்கு உப்பு எங்கே தெரியும்? அதிபரைப் பழித்த நானும் கடற்கரைக்காரிதான். சீ.
மீதிச் சேறு இருக்கிறது. இனி மழைத் தண்ணீர்தான். கண்காட்சிக்கு முன் பெய்யுமா?

ஒக்டோபர் 27
மழை. கூரைப் பீலியடியில் பேசினோடு நின்று தொப்பலாக நனைந்தேன்.

நவம்பர் 4
உயிர் இருக்கு. அல்லாஹ்வே, உயிர் இருக்கு. பூதக்கண்ணாடியில பார்த்தனான் — கடுகளவு, ரெண்டு ஓடு, நடுவால கால் அடிச்சு நீந்துது.
கணவரும் கனநேரம் பார்த்தார். "மட்டிக்குக் கால் இல்லதான்," என்றார்.

நவம்பர் 8
யாரையும் கேட்கவில்லை. பேசினையும் கல்லையும் மேசையில் வைத்து, 'ஓட்டிறால்' என்று பெரிதாக எழுதினேன். அதிபர் வந்தார்.
"இத எடுங்க டீச்சர்."
"ஏலாது சேர். முதல்ல குனிஞ்சு பாருங்க."
பெற்றோரெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குனிந்தார். நிமிர்ந்து அலுவலகத்துக்குப் போய்விட்டார். பிறகு பூதக்கண்ணாடிக்கு ஒரே தள்ளுமுள்ளு.

டிசம்பர் 11
எனக்குத் தூரத்து வெருகலுக்கு மாற்றல். அதிபர் சொல்லித்தான் என்று எல்லாருக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்டால் நிறுத்தலாமாம். எதற்கு மன்னிப்பு? இறாலுக்குக் கால் இருந்ததற்கா?

1975 ஜனவரி 8
வெருகல். கூரை ஒழுகும் பாடசாலை. இங்கே அதிபர் செல்லத்தம்பி என்பவர். கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார்.
"மட்டியோ?"
"இல்ல சேர்."
"அப்ப என்ன?" என்று கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார்.