கட்டுக்கு இருபத்தைந்து

2025 பிப்ரவரி 4, செவ்வாய்

பாவா,

உங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே இப்பவும் கூப்பிடுகிறேன். யாமினி இந்த நோட்டைக் கொடுத்து, "மனசுல இருக்கறத எழுதும்மா, சும்மா அழுதுட்டே இருக்காத" என்றாள். அஞ்சாங்கிளாஸ் படித்தவள் என்ன எழுதுவேன்?

நீங்கள் போய் நாலு மாசம். மகள் வீட்டுக்கு, அமெரிக்காவில் இந்த பிளானோவுக்கு வந்து ஏழு வாரம். வாசலில் கார் நின்றால் இன்னும் போலீஸ் என்றுதான் நினைக்கிறேன். இன்று வந்தது பார்சல் கொடுக்கிறவன். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

உங்கள் கிணற்றுப் பாட்டில் பதினோராவது வரி வரவில்லை. காலையிலிருந்து வரவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்றும் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். இதுவும் மறந்து போனால்?

குடியாத்தத்தில் நான் பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். பீடித் தொழிலாளர் சங்கத்தில் பேச வந்த தெலுங்குக் கவி நீங்கள். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. சர்க்காரை எதிர்க்கிற பாட்டு, காகிதத்தில் இருந்தால் என்றைக்கும் ஆபத்து என்று என்னையே நோட்டாக்கினீர்கள். நீங்கள் ஒரு வரி சொல்வீர்கள், நான் ஒரு பீடி சுற்றுவேன். வரி விரலில் ஏறிவிடும். போலீஸ் மூன்று தடவை வீட்டைப் புரட்டியது. மளிகைச் சீட்டைக்கூட எடுத்துப் போனார்கள். என் மடியிலிருந்த பீடி முறத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

கிணற்றுப் பாட்டு மட்டும் நீங்கள் ஜெயிலில் இருந்தபோது சொன்னது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஐந்து வரி. நான் முந்தானைக்குள் வெறும் விரலால் சுற்றினேன். "கட்டுக்கு இருபத்தஞ்சு பீடிதானே? பாட்டும் இருபத்தஞ்சு வரி. ஒண்ணு குறைஞ்சாலும் உன் மேஸ்திரி திருப்பி அனுப்பிடுவான்" என்று சிரித்தீர்கள்.

ஐந்தாவது வாரம் சிரிக்கவில்லை. "கடைசி நாலு வரி யாருக்கும் வேணாம். நான் தலைமறைவா இருந்தப்போ என்னை ஒளிச்சு வெச்ச அம்மா பேரும் ஊரும் அதுல இருக்கு. அவங்க உயிரோட இருக்கற வரைக்கும் அது உன் வாயிலயே இருக்கட்டும்."

ஆறாவது வாரம் போனேன். உடம்பைக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விரல் சும்மா இருப்பதால்தான் மறக்கிறது என்று தோன்றியது. எல்லோரும் கடைக்குப் போன நேரம், மளிகை வந்த பழுப்புக் காகிதப் பையைப் பீடி இலை அளவுக்கு வெட்டினேன். உள்ளே தூள் இல்லை, ஒன்றும் இல்லை. சுற்றினேன், வாய் மடித்தேன், நூல் கட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்றில் கை தானாகவே போயிற்று. வரி வந்துவிட்டது, பாவா! 'எங்கள் தாகத்துக்கு உன் கையெழுத்து எதற்கு' என்று கிணற்றடியில் நிற்கிற ஜனம் கேட்குமே, அந்த வரி.

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 12, புதன்

இருபத்தைந்தும் வந்தது. சுற்றியதை ஷூ டப்பாவில் போட்டு கராஜில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனசில்லை.

பிப்ரவரி 15, சனி

போச்சு. மாப்பிள்ளை தீபக் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"அத்தை, இது என்ன?"

"அம்மா! பீடியா?" என்று யாமினி கத்தினாள். "எங்கம்மா கிடைச்சுது இங்க?"

"பீடின்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியுமா? கஞ்சான்னு போலீஸுக்கு கால் பண்ணுவான். அடுத்த மாசம் எங்க கிரீன் கார்டு இன்டர்வியூ, அத்தை!"

போலீஸ் என்றதும் எல்லாவற்றையும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டேன். கீழே விழுந்த ஒன்றைப் பேத்தி ஸ்ம்ருதி பிரித்துப் பார்த்தாள். "டாட், இட்ஸ் எம்ப்டி. ஜஸ்ட் பேப்பர்."

சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னேன். யாமினி பிரிந்த காகிதத்தை மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "எங்கிட்ட கூட சொல்லலையேம்மா."

"உனக்குத் தெரிஞ்சா உன்னையும் கேப்பாங்கடி."

"எத்தனை வரி?"

"இருபத்தஞ்சு." கடைசி நாலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாப்பிள்ளை ஒரு கத்திரிக்கோலும் நாலு காகிதப் பையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "சுத்துங்க அத்தை. ஜன்னல் பக்கம் மட்டும் வேணாம்." நல்ல பிள்ளை. நான்தான் இவர்களுக்குத் தொந்தரவு.

பிப்ரவரி 19, புதன்

யாமினி ஆபீஸில் ஸ்வர்ணா என்று ஒரு தெலுங்குப் பெண். அவள் அப்பாவுக்கு உங்கள் பாட்டெல்லாம் தெரியுமாம். யாமினி அவளிடம் சொல்லிவிட்டாள்! ரெக்கார்ட் பண்ணிப் புத்தகத்தில் போடுவார்களாம்.

"யாரைக் கேட்டுடி சொன்ன?"

"அப்பா பாட்டும்மா. உன்னோட போயிடணுமா?"

மே மாசம் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டைப் பார்த்து, கொஞ்சம் இப்படி வாம்மா என்றால்? 'கவிஞர் மனைவி சொன்னது' என்று புத்தகத்தில் இருக்குமே.

இன்டர்வியூ முடியட்டும் என்றேன். அதற்குள் யாராவது வேண்டாம் என்பார்கள் என்று பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

இன்டர்வியூ முடிந்தது. நம்மைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். இனிமேல் சாக்கு இல்லை.

மார்ச் 15, சனி

ஸ்வர்ணா வந்தாள். சின்னப் பெண், காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மேஜையில் போனை வைத்தாள். ரெக்கார்ட் ஆகிறது என்று அதில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டியது. மடியில் முறம் இல்லை, ஸ்ம்ருதியின் டிராயிங் அட்டைதான். காகிதத்தை எடுத்தேன். விரல் நகர்ந்ததும் வாய் நகர்ந்தது. உங்கள் குரல் மாதிரியே வந்தது என்று யாமினி பிறகு சொன்னாள்.

இருபத்தொன்றில் நிறுத்தினேன்.

"இவ்ளோதானா ஆன்ட்டி? முடிஞ்ச மாதிரியே இல்லையே."

"இவ்வளவுதான்."

யாமினி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தைந்து என்று தெரியும். அட்டையிலிருந்ததையும் எண்ணியிருப்பாள். "அப்பா பாட்டு அப்படித்தான் ஸ்வர்ணா, பாதியில எழுந்து போற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு காபி போடப் போனாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

மார்ச் 17, திங்கள்

ஸ்ம்ருதி ஸ்கூல் பஸ் ஏறியதும் சுற்ற உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வந்தது. இருபத்து மூன்று வரவில்லை. காகிதத்தைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினேன், காகிதம் கிழிந்ததுதான் மிச்சம். அந்த அம்மா பேர் இருப்பது இருபத்து நான்கில். அது இன்னும் இருக்கிறது. நாளைக்கு இருக்குமா?

யாமினியிடம் சொல்லிவிட்டால் மிச்ச வரி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த அம்மா இருக்கிற வரைக்கும் வேண்டாம் என்றீர்கள். ஊரில் யாரையாவது விசாரிக்கச் சொல்லலாம் என்றால், பேரைச் சொல்லிக் கேட்டாலே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உங்களை ஒளித்து வைத்தபோதே எழுபது வயசு என்றீர்கள். அது நடந்து ஒன்பது வருஷம்.

கத்திரிக்கோல் கையில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு யாமினி வந்துவிடுவாள்.

பாவா, அந்த அம்மா இருக்காங்களா?