பனியாறு முடிகிற இடம்

இன்று காலை டாலா படகு துறையை அணைய முடியாமல் சிறிது நேரம் ரங்கூன் ஆற்றிலேயே நின்றது. த்வாண்டே கால்வாயிலிருந்து வந்த பேடா கரையோரமெல்லாம் அடைத்துக் கிடந்தது. தமிழ்நாட்டில் ஆகாயத்தாமரை என்கிறார்களாம். நமக்கு என்றைக்கும் அது பேடாதான். அழுகத் தொடங்கிய இலைகளின் ஈர வாசனை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேசவேண்டும் போலிருந்தது. நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம்.

லான்மடாவில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே, நான்காம் மாடியில் இருந்தது நாம் வேலை பார்த்த அறை. வெயில் காலத்தில் தகரக் கூரை கொதிக்கும். குளிர்ச்சிக்குத் தனாக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு, காலடியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, கிரீன்லாந்தின் பனியைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒன்றாகப் புவியியல் படித்தோம். வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்றுக்காகச் செயற்கைக்கோள் படங்களில் கோடு போடும் வேலையும் ஒன்றாகவே கிடைத்தது. அதுவரை பனிக்கட்டி என்றால் மீன் சந்தையில் உமி மூடிக் கிடப்பதுதான் நமக்கு.

என் அம்மாவுக்கு இந்த வேலையைப் புரியவைத்தது நீதான். "அம்மாம் பெரிய ஐச எந்தத் தராசுல வச்சு நிறுக்கிறீங்க?" என்று அம்மா கேட்டபோது நீ சிரிக்கவில்லை.

"தராசு இல்லம்மா. அதுவும் ஆறு மாதிரி ஓடுது, மெதுவா ஓடுறதால நம்ம கண்ணுக்குத் தெரியாது. குறுக்க ஒரு கோடு போடுறோம். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நகருது, மூணையும் பெருக்குனா அந்தக் கோட்டத் தாண்டி வர்ற பனி தெரிஞ்சிரும். அப்புறம், அது கடல்ல முடியிற எடம் இருக்கில்ல, முகப்பு? அது பின்னால போயிருந்தா அதையும் சேத்துக்கணும். அவ்வளவும் கடலுக்குப் போனது."

"அங்க போகாமலேயா?"

"போகாமலேதான்மா" என்றாய். அப்போது உன் குரல் தாழ்ந்துவிட்டது. பனியின் ஆழத்தை விமானத்தில் பறந்து ரேடாரால் அளந்தவர்கள் வேறு யாரோ. நம் பங்கு, ஒரு படத்தில் பார்த்த விரிசல் அடுத்த படத்தில் எங்கே போயிருக்கிறது என்று தேடுவதும், முகப்பின் மேல் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு வரைவதும்தான். எனக்கு அது சம்பள வேலை. நீயோ ஒவ்வொரு படம் திறக்கும்போதும் ஒரு நொடி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்ப்பாய்.

பெயரில்லாமல் எண் மட்டும் கொண்ட அந்தப் பனியாற்றின் படத்தில்தான் நமக்குச் சண்டை வந்தது. முந்தைய படத்தில் முகப்பு இருந்த இடத்திலேயே நான் கோடு போட்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"கோடு தப்பு, புள்ள. முகப்பு அங்க இல்ல. இங்க இருக்கு."

நீ விரல் வைத்த இடம் நிலத்தை நோக்கி வெகுதூரம் உள்ளே இருந்தது.

"ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள அவ்வளவும் காணாமப் போயிருமா? பாரு, கடல் வரைக்கும் வெள்ளையாத்தானே இருக்கு."

"வெள்ளைதான். ஆனா அது பேடா."

உனக்கு எட்டு வயதில் உன் அண்ணன், நீ காக்கா என்று கூப்பிடுபவர், கால்வாய்க் கரையென்று நினைத்துப் பேடாவின் மேல் கால் வைத்ததையும், ஒரே அடியில் உள்ளே போனதையும், படகுக்காரர் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டதையும் அன்றுதான் சொன்னாய். "நெருக்கி அடைச்சிருந்தா கரை மாதிரியே இருக்கும். இதுவும் ஒடஞ்ச பனி. மொதக்குது. விரிசலப் பாரு. பனியாத்துல எல்லாம் ஒரே பக்கமா ஓடுது. இங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் திரும்பிக் கெடக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கால்வாய்க் கதைய வச்சு கிரீன்லாந்த அளக்கிறியா?" என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அனுப்பும் பொறுப்பு என்னுடையது. மின்சாரம், நம் பேச்சில் மீ, போகிற நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மீ போறதுக்குள்ள அனுப்பிரு" என்றாய் கடைசியில். "ஒங் கோட்டையே அனுப்பு. ஆனா எங் கோட்டையும் கூட வை. வேற நிறத்துல."

சரி என்றேன். என் கோட்டை மட்டும் அனுப்பினேன். நீ கேட்டபோது, இரண்டும் போய்விட்டது என்றேன்.

அடுத்த படம் வந்தது. காற்று அந்த உடைந்த பனியையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. நான் நிலம்போல நம்பிய இடத்தில் கன்னங்கரேலென்று கடல். அது எங்கே தொடங்கியதோ, அங்கே நீ வரைந்த கோடு, வளைவுக்கு வளைவு பொருந்தி நின்றது. உன்னைக் கூப்பிட்டேன். படத்தைக் காட்டுவதற்கு முன்பு, அன்று உன் கோட்டை அனுப்பவில்லை, பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"யபாடே" என்றாய். பரவாயில்லை என்பதை நீ எப்போதும் பர்மியத்தில்தான் சொல்வாய். பிறகு படத்தைப் பார்த்தாய். ஜெயித்த முகமே உனக்கு வரவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாய்.

"நான் தப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், புள்ள."

அன்றே குழுவுக்கு உண்மையை எழுதினோம். பழைய கோடுகளையெல்லாம் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க நீ எனக்காக உட்கார்ந்தாய். ஒரு சொல்கூடக் குத்திக் காட்டவில்லை.

காணாமல் போன பனித் துண்டைப் படத்திலிருந்து வெட்டி, அதே அளவில் ரங்கூன் வரைபடத்தின் மேல் நீ வைத்துப் பார்த்தது அப்போதுதான். ஒரு முனை ஆற்றோரத்துக் கடற்கரைச் சாலையில் இருந்தது. மறு முனை ஆற்றைத் தாண்டி, டாலாவைத் தாண்டி, நெல் வயலில் போய் விழுந்தது. "நேர்ல பாக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தாய். ஞாயிற்றுக்கிழமை பான்சொடான் துறையில் படகு ஏறினோம். கடற்பறவைகளுக்கு எல்லோரும் தீனி வீசிக்கொண்டிருந்தார்கள். நீ பாதி ஆறு வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

"அந்த ரோட்டுலேருந்து அந்த வயல் வரைக்கும்" என்றாய் பிறகு. "மேல பாரு. நம்ம ஷ்வேடகோன் பகோடா அளவு ஒயரம். காலுக்குக் கீழ அதவிடப் பல மடங்கு. அது நின்ன எடத்துல இப்ப தண்ணி. ஒடையும்போது என்ன சத்தம் கேட்டிருக்கும்? அங்க கேக்க ஒரு ஆள் இல்ல. நாம ரெண்டு பேரு, லான்மடாவுல ஒக்காந்து பாத்திருக்கோம்."

வெற்றிலை விற்றுக்கொண்டு வந்த அம்மாள் உன் கண்ணீரைப் பார்த்துப் பயந்து, என்னிடம் ஏதும் விபரீதமா என்று கேட்டாள். இல்லை என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. ஆறு அவ்வளவு அகலம் என்று எனக்கும் அதுவரை தெரியாது.

அடுத்து வந்த மழைக்காலத்திலேயே உனக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் நீ இல்லை. ஆண்கள் உன்னை அடக்கத்துக்குத் தூக்கிப் போனதும், வீட்டில் நாங்கள் பெண்கள் மட்டும் இருந்தோம். உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஆஸ்பத்திரியில கூடக் கோடு, கோடுன்னுச்சே எம் புள்ள. என்னம்மா அது?"

"ஒரு பனியாறு எங்க முடியுதுன்னு அவ கண்டுபிடிச்சா, உம்மா. நான் தப்பாப் போட்டிருந்தேன். அவதான் சரியாப் போட்டா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போதும் அதே வேலைதான். உறுதியாகத் தெரியாத இடத்தில் இரண்டு கோடுகள் போட்டு, இரண்டையும் அனுப்புகிறேன். நேற்று அந்தப் பனியாற்றின் புதிய படம் வந்தது. திறந்ததும் என் கை தானாக மடிக்குப் போயிற்று. முகப்பு இன்னும் உள்ளே போய்விட்டது. நீ வரைந்த கோடு இப்போது பனியின் மேல் இல்லை, வெறும் கடலின் மேல் தனியாகக் கிடக்கிறது. அதை யாரும் அழிக்கமாட்டார்கள். அதிலிருந்துதான் இனி அளக்கவேண்டும். வரைந்தவர் என்ற இடத்தில் உன் பெயர் அப்படியே இருக்கிறது.

உன் கோட்டிலிருந்து புதிய முகப்பு வரை அளந்தேன். எண் வந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன். தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று மூன்றாவது முறையும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டேன்.