தென்னம்பிள்ளைப் பாட்டுக்கு ஒரு திருத்தம்

ஆசை நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கபுறில் இருப்பவருக்கு சலாம் சொல்லலாம் என்று தெரியும். கடிதம் எழுதலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. மௌத்தானவரை 'நீ' என்று எழுதாதீங்க உம்மா என்கிறாள் மகள் றிஸ்னா. கூடப்பிறந்தவனின் ரெண்டு வயது மூப்புக்கு உயிரோடு இருந்தபோதே கொடுக்காத மரியாதையை இப்போது எங்கே போய்த் தேடுவேன்? அதோடு எனக்கு உன்மேல் கோபம். கோபத்தில் 'நீங்கள்' வாயில் வராது.

நீ போய் ஏழு மாதமாகிறது. உன் பாட்டு போகவில்லை. நேற்று கல்பிட்டி பஸ்ஸில் எத்தாளைக்கு, வீட்டுக்கு வருகிறேன், டிரைவர் அதைத்தான் போட்டிருந்தார். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒரு சொல்லும் விளங்காமல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிற பெடியன்மார் பின் சீட்டில் இருந்து கூடவே பாடுகிறார்கள். அந்தப் பாட்டில் வருகிற மச்சானின் பெண்சாதி முன் சீட்டில் மீன் பையோடு இருக்கிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இறங்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் நானா கலியாண வீடுகளில் பகிடிப் பாட்டுப் படிக்கிறவர். ஒரு கீபோர்ட், ஒரு டொல்கி, நாலு பேர். ஊரெல்லாம் முணுமுணுக்கிற ஒரு காதல் பாட்டை எடுப்பார். முதல் அடியை அசல் சொற்களிலேயே, அசல் பாடகரை விட உருகிப் பாடுவார். சனம் கண்ணை மூடி ரசிக்கத் தொடங்கியதும் ரெண்டாம் அடியில் சொல்லை மாற்றி யாரையாவது உள்ளே இறக்குவார். பள்ளிவாசல் பெரியவர்கள்கூட கேற்றுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, கேட்காத மாதிரிப் போவார்கள்.

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம், 'வருவேன் காத்திரு' என்று காதலன் உருகுகிற ஒரு பாட்டு எல்லா பஸ்ஸிலும் ஓடியது. அதில் முதல் அடி முடிந்ததும் நீ இறக்கியது என் புருசனை.

அடுத்த பெருநாள் ஊருலதான் – மச்சான் சொல்றார்
தென்னம்பிள்ளை எதுக்கு இங்க – மண்ணத் தள்றார்
இருபது பெருநாள் போயிட்டுது – இன்னும் நிக்கிறார்
இளநி மட்டும் பக்கத்து வளவுல வாங்கிக் குடிக்கிறார்

சிரிக்காத ஆள் இல்லை. ஏனென்றால் அது ஒரு வீட்டுக் கதை இல்லை. தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த எங்கள் எல்லாருக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது. தென்னை காய்க்க ஆறு வருடம் செல்லும், அதற்குள் ஊருக்குப் போய்விடுவோம், பிறகு எதற்கு நடுவான் என்று ஒரு கன்றுகூட வைக்காமல் இருந்தோம். புத்தளத்தில், தேங்காய்க்கு நடுவில் இருந்துகொண்டு, தேங்காய்க்குக் கடைக்குப் போனோம். அதை மேடையில் சொல்ல உனக்கு மட்டும்தான் துணிச்சல் இருந்தது. அந்தப் பெருமையை உன்னிடமிருந்து நான் பறிக்கவில்லை.

ஆனால் மச்சான் சந்தைக்குப் போனால் பாட்டு. சலூனுக்குப் போனால் பாட்டு. சும்மா வேலியோரம் மண்வெட்டியைத் தூக்கினாலே யாராவது ரெண்டாம் அடியைத் தொடங்குவான். மனுசன் ஒரு நாளும் திருப்பிப் பேசவில்லை. சிரித்துவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடிப்பார்.

உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதியபோது நடந்ததையும் கேள். யாசீன் பாதியில் நிற்கிறது, வீடு நிறையச் சனம், உன் டொல்கிக்காரர் ஜவ்பரின் சட்டைப் பைக்குள் இருந்து உன் குரல் கிளம்புகிறது. 'அடுத்த பெருநாள் ஊருலதான்.' போனை அமர்த்தத் தெரியாமல் அவர் தடவுகிறார், அது நாலு அடியையும் முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். ஓத வந்த லெப்பைகூட தாடியைத் தடவிக்கொண்டு குனிந்துகொண்டார். மச்சான் எழுந்து வெளியே போனார். அடுத்த கிழமை மன்னார் பஸ் ஏறிவிட்டார்.

இப்போது அங்கேதான் இருக்கிறார், நானா. உன் பாட்டில் போகாமலே நிற்கிற மச்சான் போய்விட்டார். எங்கள் பழைய வீட்டு வளவில் காடு வெட்டி, கிணறு இறைத்து, ஒரு அறைக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார். மாதத்துக்கு ஒருக்கா வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மறுநாள் போகிறார். போகாதவள் நான். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என் தையல், இருபத்திச் சொச்சம் வருடத்துச் சினேகிதம் எல்லாம் இங்கே. எனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை றிஸ்னாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ஊர் குறிஞ்சிப்பிட்டி, நல்ல குடும்பம். அவருடைய கூட்டாளிமார் உன் ஆட்களைப் பாட்டுக்குப் பேசிவிட்டார்கள். எந்தப் பாட்டு வேணும் என்று கேட்கத் தேவையில்லை. நான் பயந்துபோய் மச்சானுக்குப் போன் எடுத்தேன், அந்தப் பாட்டு வேணாம் என்று சொல்லட்டா என்று கேட்டேன்.

"வேணாம். படிக்கட்டும்" என்றார். "நானாட ஞாபகமா சனத்துக்கு இருக்கிறது அதுதான். நான் பிள்ளையக் கைபிடிச்சுக் குடுத்துட்டு மூணு மணி பஸ்ஸில திரும்புறன். இருந்து கேக்க மட்டும் ஏலாது, புள்ள."

மகள் கலியாணத்தில் சோறு தின்னாமல் போகப்போகிறாராம். றிஸ்னா இதைக் கேட்டதில் இருந்து மருதாணிக்கும் கையை நீட்டமாட்டேன் என்கிறாள்.

இனி நான் சொல்லப்போவது உனக்கும் மச்சானுக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது.

வந்த ரெண்டாம் வருடம். நீ வேலை செய்த தோட்டத்தில் இருந்து ரெண்டு தென்னம்பிள்ளை கொண்டுவந்தாய். மச்சான் சந்தோசமாகக் குழி வெட்டினார், உப்புப் போட்டார், கன்றைத் தூக்கினார். றிஸ்னா அப்போது என் வயிற்றில். நான்தான் குடிசை வாசலில் நின்று கத்தினேன்: "இந்தப் புள்ள ஊருலதான் பொறக்கும். இங்க ஒண்டும் நட வேணாம். குழிய மூடுங்க." அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலாலேயே மண்ணைத் தள்ளினார். கன்றுகளை நீ திரும்பத் தூக்கிக்கொண்டு போனாய்.

பாட்டைக் கட்டி முதலில் எனக்குத்தானே படித்துக் காட்டினாய்? குழியை மூடச் சொன்னது நானல்லவா என்று கேட்டேன். "தங்கச்சிய மேடையில ஏத்தினா சனம் எனக்கு அடிக்கும். மச்சான்தான் பகிடிக்குத் தோது" என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. உன்மேல் கோபம் என்று தொடங்கினேன், அதில் பாதி எனக்குரியது.

அவரும் ஒரு தரம்கூட, யாரிடமும், என்னிடம்கூட, 'அது நீ சொன்னதுதானே' என்று சொன்னதில்லை.

பிறகு ஒரு கலியாண வீட்டில் அவர் முகம் கறுத்ததைப் பார்த்துவிட்டு நான் உன்னோடு சண்டை பிடித்தேன். ஞாபகம் இருக்கிறதா? உண்மையைச் சொல்லி இன்னும் நாலு அடி சேர்க்கிறேன் என்று சத்தியம் செய்தாய். எப்போது என்றேன். அடுத்த பெருநாளைக்கு என்றாய். பிறகு அதற்கடுத்த பெருநாளைக்கு. ஊரையெல்லாம் எந்தச் சொல்லுக்குச் சிரிக்க வைத்தாயோ அதே சொல்லை என்னிடம் சொல்லிக்கொண்டே நீ மௌத்தாகிப் போனாய். இதற்கு நான் அழுவதா, உன்னை ஏசுவதா?

ஆகவே நானே கட்டியிருக்கிறேன். நாலு நாளாகத் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து மெட்டுக்குள் சொல்லைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். உனக்கு வந்த மாதிரி எனக்கு வராது. இவ்வளவுதான் வந்தது:

அடுத்த பெருநாள் ஊருலதான் – சொன்னது தங்கச்சி
தென்னம்பிள்ளைக் குழிய மூடி – நின்னது தங்கச்சி
மண்ணத் தள்ளின மச்சான் அதுக்கு வாய் தொறக்கல்ல
இத்தனை பெருநாள் பகிடி கேட்டும் பேர் சொல்லல்ல

மூன்றாம் அடி இழுக்கிறது, எனக்குத் தெரியும். ஜவ்பரிடம் சொன்னேன், டொல்கியில் கொஞ்சம் பொறுத்து அடிக்கிறாராம். நாற்பதாம் நாள் போனுக்கு அவர் செய்கிற பரிகாரம் அது.

வெள்ளிக்கிழமை பெண்கள் பக்கம் றபான் தட்டிக்கொண்டு நான் இருப்பேன். நிக்காஹ் முடிந்த கையோடு, மச்சான் கிளம்புவதற்கு முன், திரைக்கு அந்தப் பக்கம் உன் ஆட்கள் முதல் அடியைத் தொடங்கட்டும், அசல் சொற்களில், நீ செய்தபடியே. சனம் மச்சானைத் தேடித் திரும்புகிற நேரத்தில் ரெண்டாம் அடியை நான் எடுப்பேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று றிஸ்னா கேட்டாள். உன் வாப்பாவைப் பற்றி இனி சரியாக நினைப்பார்கள் என்றேன். மருதாணிக்குக் கையை நீட்டினாள்.

உனக்குத் தரும் வாக்கு இதுதான், நானா. உன் பாட்டை நான் நிறுத்தமாட்டேன். முடித்து வைப்பேன். அன்றைக்கு மூணு மணி பஸ் எத்தாளையால் போகும்போது அவர் அதில் இருக்கக்கூடாது. மகளின் கலியாணச் சகன் தட்டில் எல்லாரோடும் கை வைத்துச் சோறு தின்றுகொண்டிருக்க வேண்டும். அதற்கு நீயும் துஆ செய்.

இப்படிக்கு,
மச்சானுக்குப் பின்னால் இத்தனை வருடம் ஒளிந்திருந்த
உன் தங்கச்சி